பதிவர் மாநாட்டுக்குப் போகிறவர் மொய் நோட்டோடு போகட்டும்

கானாடுகாத்தானிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "அண்ணே, ஒன்றரை வருஷமாக எங்கள் ஆயாவின் கைப்பக்குவத்தை எல்லாம் வலைப்பதிவில் எழுதி வருகிறேன். சென்னையில் வேர்ட்கேம்ப் மாதிரி ஒரு பதிவர் மாநாடு இரண்டு நாள் நடக்கப்போகிறதாம். அங்கே எனக்கு யாரையும் தெரியாது. கோடிங் தெரியாது. ஆங்கிலமும் திக்கித் திணறித்தான் வரும். ரயிலுக்கும் தங்கலுக்கும் செலவழித்துப் போய் ஓரமாக உட்கார்ந்துவிட்டு வருவதற்கா என்று வீட்டில் கேட்கிறார்கள். போகலாமா? போனால் என்ன செய்வது?"

போங்கள் என்றுதான் சொல்வேன். வீட்டில் கேட்பதும் தப்பில்லை. ஓரமாக உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தவன்தான் நானும்.

காரைக்குடியில் முப்பது வருஷம் கல்யாணப் பத்திரிகை அச்சடித்தவன் நான். பழைய பத்திரிகைகளின் வாசகம், எழுத்து, ஓரப் பூவேலை என்று அவற்றைப் பற்றித்தான் பதிவு எழுத ஆரம்பித்தேன். முதல் மாநாட்டுக்குப் போனபோது கடைசி வரிசையில் இடம் பிடித்தேன். இரண்டு நாளில் பதினோரு உரை கேட்டேன், ஒரு நோட்டு நிறையக் குறிப்பு எடுத்தேன், ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை, மத்தியானம் தயிர் சாதம் சாப்பிட்டேன், ரயிலேறிவிட்டேன். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் அந்த உரைகள் எல்லாம் வீடியோவாக இணையத்தில் இலவசமாகக் கிடந்தன. வீட்டிலிருந்தே பார்த்திருக்கலாம். எதற்காகக் காசு கொடுத்து அவ்வளவு தூரம் போனேனோ, அதை மட்டும் செய்யாமல் வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அடுத்த முறை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். என் பதிவுகளின் முகவரி எல்லாம் பாதியில் வெட்டுப்பட்டுக் கிடக்கும். 'பழைய கல்யாணப் பத்திரிகைகளில் கண்ட வாசகங்கள்' என்று தலைப்பு வைத்தால் முகவரியில் கிட்டத்தட்டப் பாதி காணாமல் போய்விடும். இரண்டு வருஷமாக ஏனென்று தெரியவில்லை. டீ வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு பையனிடம் பேச்சு வாக்கில் சொன்னேன். கப்பைக் கையில் வைத்துக்கொண்டே விளக்கினான். இணைய முகவரியில் தமிழை அப்படியே வைக்க முடியாது. ஒவ்வொரு எழுத்துக் குறியும் மூன்று பைட் (கணினியின் சேமிப்பு அலகு), ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு எழுத்துமாக மாறும், ஆக ஒரு குறிக்கு ஒன்பது இடம். 'பணியாரம்' என்பதில் மேல்விலங்கு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியாக எண்ணினால் எட்டு. அந்த ஒரு சொல்லே 72 இடத்தைத் தின்றுவிடும். வலைப்பதிவை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் முகவரிக்கு ஒதுக்கியிருப்பது 200 இடம்தான். மூன்றாவது சொல்லைத் தாண்டுவதற்குள் கத்திரி விழுந்துவிடும். "தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும் சார், முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சின்னதாகக் கொடுங்கள்" என்றான். என் இரண்டு வருஷத் தலைவலி ஒரு கப் டீக்குள் தீர்ந்தது. எந்த மேடையிலும் இதை ஒருவரும் பேசவில்லை. தமிழில் எழுதும் ஆளுக்கு மட்டும் வரும் வியாதியை மேடையில் யார் பேசப்போகிறார்கள்?

நம் பக்கத்துக் கல்யாணத்தை நினைத்துப் பாருங்கள். திருப்பூட்டுகிற, அதாவது தாலி கட்டுகிற நேரம் எவ்வளவு? மற்ற நேரமெல்லாம் வளவிலும் முகப்பிலும் உட்கார்ந்து, யார் எங்கே இருக்கிறார்கள், யாருக்கு எங்கே பெண் பார்க்கிறார்கள் என்று பேசுவதில்தானே போகிறது? திருப்பூட்டை மட்டும் பார்த்துவிட்டு ஒருவர் கிளம்பினால் 'வந்த மாதிரியே இல்லையே' என்போம். மாநாட்டு உரைகளும் அப்படித்தான். அவை வேண்டும், ஆனால் அவற்றுக்காக மட்டும் யாரும் வருவதில்லை.

சரி, நீங்கள் போகப்போவது எந்தத் தினுசு என்று முதலில் பாருங்கள். 'பதிவர் சந்திப்பு' என்று எழுதியிருந்தாலும் எல்லாம் ஒன்றல்ல. ஒரு கம்பெனி தன் சரக்கைப் பற்றி நாலு பேர் எழுதட்டும் என்று ஓட்டலில் விருந்து வைத்துக் கூப்பிடுவது ஒரு வகை. சாப்பாடு நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

தமிழ்ப் பதிவர்கள் தாங்களே கூடிய திருவிழாக்கள் இன்னொரு வகை. 2012, 2013-ல் சென்னையிலும் 2014-ல் மதுரையிலும் 2015-ல் நம் புதுக்கோட்டையிலும் நடந்தன. எழுத்தில் மட்டும் பார்த்தவர்களை முகத்தோடு சேர்த்துப் பார்க்கும் சந்தோஷம் அங்கே அலாதி. ஆனால் தமிழ்நாட்டுக் கூட்டங்களுக்கென்று ஒரு நோய் உண்டு. ஒரு ஊரில் (எந்த ஊர் என்று கேட்காதீர்கள்) நான் போன கூட்டத்தில் வரவேற்புரை, முன்னிலை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை என்று மத்தியானச் சாப்பாடு வரை போயிற்று. பதிவர்கள் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளத் தலைக்கு ஒரு நிமிஷம், அதுவும் சாயங்காலம், பாதிப் பேர் பஸ்ஸுக்குக் கிளம்பிய பிறகு.

இதற்கு நேர்மாறு பார்கேம்ப் வகை. பேச்சாளர் பட்டியலே கிடையாது. காலையில் ஒரு பலகையில் காலிக் கட்டங்கள் இருக்கும். பேச விஷயம் உள்ளவர் தலைப்பை எழுதி ஒட்ட வேண்டியதுதான். ஓர் அறையில் பேச்சு பிடிக்கவில்லையென்றால் எழுந்து அடுத்த அறைக்குப் போகலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். 2006 செப்டம்பரில் சென்னை டைடல் பார்க்கில் நடந்த பிளாக்கேம்ப் இந்த முறையில் நடந்ததுதான். நம் ஆட்களுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். 'எழுந்து போவது மரியாதையா?' என்று காலை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

நீங்கள் சொன்ன வேர்ட்கேம்ப் வகை இரண்டுக்கும் நடுவில். வேர்ட்பிரஸ் மென்பொருள் வந்தது 2003-ல். முதல் வேர்ட்கேம்ப் 2006-ல் சான்பிரான்சிஸ்கோவில். அன்றிலிருந்து அந்தந்த ஊர் ஆட்களே கூடி நடத்துகிறார்கள். நடத்துகிறவர்களுக்குச் சம்பளம் இல்லை, பேசுகிறவர்களுக்குச் சன்மானம் இல்லை. செலவில் பெரும்பங்கை விளம்பரதாரர்கள் ஏற்பதால் டிக்கெட் கையைக் கடிக்காது. நுழைவிடத்தில் அடையாள அட்டை மாட்டிவிடும் பெண்ணும் அரங்கில் மைக் பிடிக்கும் பையனும் உங்களைப் போலவே லீவு போட்டுவிட்டு வந்தவர்களாக இருப்பார்கள். இதைத் தெரிந்துகொண்டு போனால் பாதி பயம் போய்விடும். அங்கே முதலாளி என்று யாரும் கிடையாது. தைப்பூசத்துக்குப் பழனி போகிற நகரத்தார் காவடியில் நடக்கிறவரும் சோறாக்குகிறவரும் எல்லாம் வேண்டுதலுக்கு வந்தவர்கள்தானே, அந்த மாதிரி. உங்களுக்கு இன்னும் தைரியம் வேண்டுமென்றால் தன்னார்வலராகப் பெயர் கொடுங்கள். முன்பதிவு மேசையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். வருகிறவர் எல்லாரும் உங்களிடம் பெயர் சொல்லித்தான் உள்ளே போக வேண்டும். கூச்ச சுபாவக்காரருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது.

கோடிங் தெரியாதது ஒரு குறையே இல்லை. நிரல் எழுதுகிறவர்களுக்கான உரைகள் ஒரு பக்கம் நடக்கும், அவை உங்களுக்கு வேண்டாம். எழுதுவது, படம் எடுப்பது, தேடலில் கண்ணில் படுவது பற்றிய உரைகள் இன்னொரு பக்கம் நடக்கும். ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் கேட்காதீர்கள். பல வேர்ட்கேம்ப்களில் 'ஹேப்பினஸ் பார்' என்று ஒரு மேசை போட்டிருப்பார்கள். பெயரைக் கேட்டு வேறு ஏதோ என்று வீட்டில் பயந்துவிடப் போகிறார்கள், முதலிலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் தளத்தில் எது ஓடவில்லையோ அதைக் காட்டினால் உட்கார்ந்து சரிசெய்து தருகிற மேசை அது. லேப்டாப் எடுத்துப் போங்கள். உங்கள் கந்தரப்பம் பதிவு என் போனில் திறக்க ஒரு யுகம் ஆகிறது. கேமராவில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 5 எம்.பி. படத்தை 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்தால் சில நூறு கே.பி.க்கு வந்துவிடும், பார்க்க ஒரு வித்தியாசமும் தெரியாது. இந்த ஒன்றை மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தாலே ரயில் டிக்கெட் காசு வந்துவிட்டது.

முதல் நாளோ கடைசி நாளோ 'பங்களிப்பு நாள்' என்று ஒன்று வைப்பார்கள், வந்தவர்கள் கூடி உட்கார்ந்து வேர்ட்பிரஸுக்கே வேலை செய்து கொடுக்கிற நாள். அதைத் தவறவிடாதீர்கள். வேர்ட்பிரஸின் தமிழ் மொழிபெயர்ப்பில் யார் வேண்டுமானாலும் கை வைக்கலாம், ஆங்கில வரிக்கு நேரே தமிழ் வரியை எழுத வேண்டியதுதான். பொறுப்பில் இருக்கிறவர் பார்த்து ஒப்புதல் தருவார். நீங்கள் எழுதுகிற தமிழ் நல்ல வீட்டுத் தமிழ். பொத்தான்களில் இப்போது இருக்கும் மரத்துப்போன தமிழைப் பார்க்கிறபோது உங்களைப் போன்ற ஆள்தான் அங்கே வேண்டும் என்று தோன்றுகிறது.

ஆங்கிலம் பற்றிக் கேட்டீர்கள். சென்னையில் நடப்பதால் மேடை ஆங்கிலமாக இருந்தாலும் சாப்பாட்டு வரிசை தமிழ்தான். பேச்சைத் தொடங்க இரண்டு வாக்கியம் போதும். 'நான் செட்டிநாட்டுச் சமையல் எழுதுகிறேன்' என்று மட்டும் சொல்லாதீர்கள். செட்டிநாடு என்றாலே ஊரெல்லாம் மிளகுக் கோழிதான் ஞாபகம் வரும், பேச்சு அங்கேயே செத்துவிடும். 'ஆயா கைக்கணக்கில் செய்த பலகாரங்களை கிராம் கணக்குக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். வெள்ளைப் பணியாரத்துக்குப் பச்சரிசி மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவிக்க வேண்டும் என்கிறார், கோபுரம் எத்தனை கிராம் என்பதுதான் சிக்கல்' என்று சொல்லிப் பாருங்கள். எதிரே நிற்பவர் சிரித்துக்கொண்டே தன் அப்பத்தா கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

கும்பலில் போய் எப்படி நுழைவது என்றும் ஒரு கவலை இருக்கும். இந்தக் கூட்டங்களில் பேக்-மேன் விதி என்று ஒன்று சொல்வார்கள். அந்தப் பழைய வீடியோ கேமில் மஞ்சள் உருண்டை வாயைத் திறந்துகொண்டே போகுமே, அதுபோல வட்டமாக நின்று பேசுகிறவர்கள் ஓர் ஆள் நுழைய வாய் விட்டு நிற்க வேண்டும். அந்த இடைவெளி புது ஆளுக்கானது. பார்த்தால் தயங்காமல் போய் நில்லுங்கள். நீங்கள் நிற்கும் வட்டத்திலும் ஒரு இடம் விடுங்கள்.

இப்போது மொய் நோட்டுக்கு வருகிறேன். நிஜமாகவே ஒரு நோட்டு வாங்கி மூன்று கட்டம் போடுங்கள். பெயர், ஊர் என்று முதல் இரண்டு கட்டம், நம் மொய் நோட்டில் உள்ளபடியே. தொகை இருக்கும் கட்டத்தில், அவர் உங்களுக்கு என்ன சொன்னார், நீங்கள் அவருக்கு என்ன தருவதாக ஒப்புக்கொண்டீர்கள் என்று எழுதுங்கள். 'பட அளவு சொன்னார் – நான் கவுனி அரிசி கிடைக்கும் கடை விலாசம் அனுப்ப வேண்டும்' என்கிற மாதிரி. பேசி முடித்த உடனே ஓரமாகப் போய் எழுதிவிட வேண்டும். ராத்திரி எழுதலாம் என்று விட்டால் முகம் ஒருவருடையதும் பேச்சு இன்னொருவருடையதுமாகக் குழம்பிவிடும். விசிட்டிங் கார்டு அச்சடித்தே பிழைத்தவன் சொல்கிறேன், கார்டு வாங்கி வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அதைத் திரும்பப் பார்ப்பதில்லை.

மொய் வாங்கினால் அதைத் திரும்பச் செய்தாக வேண்டும் இல்லையா? அதேதான் இங்கும். ஊருக்கு வந்த ஒரு வாரத்துக்குள் நோட்டில் எழுதியதை ஒவ்வொன்றாகத் தீர்த்துவிடுங்கள். 'உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி' என்று நாற்பது பேருக்கு ஒரே மடலை அனுப்புவதைவிட, ஒப்புக்கொண்ட கடை விலாசத்தை ஒருவருக்கு அனுப்புவது மேல். டீ வரிசைப் பையனுக்கு நான் அவன் தங்கை கல்யாணப் பத்திரிகை வாசகத்தைப் பிழை பார்த்துக் கொடுத்தேன். இன்றைக்கு வரை என் தளத்தில் ஏதாவது மக்கர் செய்தால் அவனைத்தான் கூப்பிடுகிறேன்.

யாரோ உங்கள் குறிப்புகளை அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள் என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். மாநாட்டில் இதையும் கேளுங்கள், அங்கே எல்லோருக்கும் இந்தக் காயம் உண்டு. எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். பச்சரிசி ஒரு உழக்கு, வெல்லம் இவ்வளவு என்கிற வெறும் பட்டியலுக்கு நீங்கள் உரிமை கொண்டாட முடியாது. ஆனால் அதை நீங்கள் எழுதியிருக்கும் விதத்துக்கும், எடுத்த படத்துக்கும் உரிமை உங்களுடையது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அதைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்பதுகூட இல்லை. படத்தைத் திருடியிருந்தால் அந்தத் தளத்தை நடத்தும் நிறுவனத்துக்கும் கூகுளுக்கும் புகார் கொடுத்து எடுக்கச் சொல்லலாம். பதிவிட்ட தேதி உங்களுக்குச் சாட்சி.

திருட்டைவிட எனக்கு அழிவுதான் பெரிய பயம். 2009 அக்டோபரில் யாகூ தன் ஜியோசிட்டீஸை மூடியபோது எத்தனையோ பேர் ஆண்டுக்கணக்கில் எழுதி வைத்தது போயிற்று. நம் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். பழைய புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் எடைக்குப் போட்டதையெல்லாம் சேர்த்து வைத்தார். அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, அது சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. காகிதம் என்பதால் அவர் கைக்கு அகப்பட்டது. உங்கள் ஆயாவின் பலகாரக் கணக்கு ஒரு கம்பெனியின் கணினியில் கிடக்கிறது, அதை எடைக்குக்கூடப் போட மாட்டார்கள், அழித்துவிடுவார்கள். ஆகவே ரயிலேறுவதற்கு முன்னால் தளத்தின் 'ஏற்றுமதி' வசதியை அழுத்தி பிரதி ஒன்றை எடுத்து வைத்துவிடுங்கள். அந்தக் கோப்பில் எழுத்து மட்டும்தான் வரும், படங்களைத் தனியாகச் சேமிக்க வேண்டும். சொந்தமாக ஒரு இணைய முகவரி வாங்குவது பற்றியும் அங்கே நாலு பேரிடம் விசாரியுங்கள்.

மற்றவை சில்லறை விஷயங்கள். பல்லவன் ரயில் விடியற்காலை காரைக்குடியில் கிளம்பினாலும் சென்னை சேர நண்பகலாகிவிடும். மாநாடு காலையிலேயே தொடங்குமாதலால் முந்தின நாளே போய்விடுங்கள். தங்கும் இடம் பதியும்போது ரத்து செய்தால் காசு திரும்புகிறதா என்று பாருங்கள். பாங்காக்கில் 2020 பிப்ரவரியில் நடக்கவிருந்த முதல் ஆசிய வேர்ட்கேம்ப், கொரோனாவால் கடைசி நேரத்தில் ரத்தாகி, 2023-ல்தான் அங்கே நடந்தது. அப்போது கையைச் சுட்டுக்கொண்டவர்கள் நிறையப் பேர். நடத்தை விதிகள் என்று ஒரு பக்கம் போட்டிருப்பார்கள், அதை வீட்டிலும் காட்டுங்கள். யாராவது தொந்தரவு செய்தால் யாரிடம் சொல்வது என்பது அதில் இருக்கும். போட்டோவில் வர விருப்பமில்லையென்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

பலகாரம் கொண்டுபோகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கொண்டுபோவீர்கள் என்று தெரியும். பால் பணியாரம் வேண்டாம், ஊசிப்போகும். மனகோலமும் சீப்புச் சீடையும் தாங்கும். சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, மேலே உங்கள் தள முகவரியை ஒட்டுங்கள். அச்சடித்துத் தருவது என் பொறுப்பு.

நோட்டில் ஊர் என்கிற கட்டத்தில் தேவகோட்டை, பள்ளத்தூர், திருப்பத்தூர், புதுக்கோட்டை என்று ஏதாவது வந்தால் எனக்குச் சொல்லுங்கள். நாலைந்து பேர் தேறினால் மாசம் ஒரு தடவை இங்கேயே கூடலாம். அச்சகத்து மாடி காலியாகத்தான் கிடக்கிறது. பொன்னாடை, வாழ்த்துரை எதுவும் கிடையாது. ஒன்றே ஒன்றில் மட்டும் கறாராக இருப்பேன். 1939-ல் சா. கணேசன் கம்பன் விழாவைத் தொடங்கி, சொன்ன நேரத்துக்குக் கூட்டத்தை ஆரம்பிப்பது எப்படி என்று காட்டிய ஊர் இது. அஞ்சு மணி என்றால் அஞ்சு மணிக்கு வந்துவிட வேண்டும்.